வடசென்னை: குறைந்த வாடகையின் அரசியல்

லண்டனில் தொழிலாளர்கள் குடியிருந்த பழைய வீடுகளில் நடுத்தர வர்க்கம் வந்து குடியேறியதைப் பார்த்து ரூத் கிளாஸ் 1964இல் அதற்கொரு பெயர் வைத்தார். தமிழில் மேட்டுக்குடியாக்கம் எனலாம். அதே காட்சியை ராயபுரத்தில் தேடினால் கிடைக்காது. பழைய வீட்டின் அழகில் மயங்கி இங்கே யாரும் குடிவரவில்லை. இங்கு முதலில் மாறுவது நிலத்தின் விலை.

1979இல் நீல் ஸ்மித் முன்வைத்த 'வாடகை இடைவெளி' என்ற கருத்து இதற்கு உதவும். ஒரு மனை இன்று தரும் வருவாய்க்கும், வேறுவிதமாகப் பயன்படுத்தினால் தரக்கூடிய வருவாய்க்கும் உள்ள வித்தியாசம் அது. அது விரிந்தால் மூலதனம் தேடி வரும். மனிதர்களின் ரசனையெல்லாம் அப்புறம்தான். பெரம்பூர் பின்னி ஆலையே சாட்சி. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்குக் களமாக இருந்த ஆலை 1996இல் மூடப்பட்டது. அந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிகள்.

எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் விலை ஏறாமல் இவ்வளவு காலம் தடுத்தது எது? நிலக்கரித் தூசி, கன்டெய்னர் லாரிகள், அனல்மின் சாம்பல், 'நார்த் மெட்ராஸா?' என்கிற இளக்காரம். உழைப்பவர் தன் நுரையீரலைக் கொடுத்து வாடகையைக் குறைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அந்தக் கணக்கு இப்போது மாறுகிறது. எண்ணூரின் பழைய அனல்மின் நிலையம் 2017இல் நின்றது. 2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தது. 2024இல் வடசென்னை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. எல்லாம் எப்போதோ வந்திருக்க வேண்டியவை. தூசி இன்னும் போய்விடவில்லை. 2023 டிசம்பரில் எண்ணெய்க் கசிவு, அமோனியாக் கசிவு என்று எண்ணூர் அடுத்தடுத்து அனுபவித்தது. ஆனால் மனை விலை தூசி போகும்வரை காத்திருக்காது. போகும் என்ற நம்பிக்கையிலேயே ஏறிவிடும்.

ஏறும் விலையில் சொந்த மனைக்காரருக்கு லாபம் உண்டு. குடக்கூலிக்கு இருப்பவருக்கு? 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் நியாய வாடகை கேட்டு வழக்காட இடமிருந்தது. 2019இல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் ஒப்பந்தம் சொல்வதுதான் வாடகை. வாய்ப்பேச்சில் அட்வான்ஸ் கொடுத்துக் குடியிருப்பவரிடம் ஒப்பந்தம் ஏது? காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலம் எடுக்கிற பெண், வாடகை குறைவென்று ஊருக்கு வெளியே போய்விட முடியுமா? வீட்டோடு தொழிலும் போய்விடும்.

வளர்ச்சியே வேண்டாம் என்பது இதற்கு விடையல்ல. தூசியும் வேண்டாம், வெளியேற்றமும் வேண்டாம் என்று சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. சூழல் போராட்டமும் குடியிருப்பு உரிமைப் போராட்டமும் தனித்தனி மேடைகளில் நிற்கும்வரை, ஒன்றின் வெற்றி மற்றதன் தோல்வியாகவே முடியும்.