கடைமடைக்கு வராத வோல்டேஜ்



2018 நவம்பர் 16 அன்று நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தபின், பல நாட்கள் நமது பகுதியில் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் ஓடிய இடங்களில் செல்போனுக்கு சார்ஜ் ஏற்ற மக்கள் காத்துக் கிடந்ததை நாம் மறக்கவில்லை. அன்று முதல் பருப்பு, புளியோடு சார்ஜர் ஒயரும் நமது மொத்தக் கடையில் ஒரு சரக்கு.

அதில் ஒரு தவறும் செய்தோம். விலை மலிவு என்று ஒரு கட்டு ஒயர் கொள்முதல் செய்தோம். அதை வாங்கிப்போன மளிகைக் கடைக்காரர் ஒருவரின் யு.பி.ஐ. ஒலிப்பெட்டி, இரவு முழுக்க சார்ஜில் இருந்தும் நடு வியாபாரத்தில் அணைந்துவிட்டது. பணம் அனுப்பியாயிற்று என்கிறார் வாடிக்கையாளர். வரவில்லை என்கிறார் இவர். பல வருட வாடிக்கை முறியப் பார்த்தது. பெட்டியில் பழுதில்லை, குற்றம் நாம் விற்ற ஒயரில்!

காரணம் எளிது. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் அப்படியே கடைமடைக்கு வருகிறதா? ஒயரும் வாய்க்கால்தான். சாதாரண யு.எஸ்.பி. சார்ஜர் தருவது 5 வோல்ட். உள்ளே 28 கேஜ் மெல்லிய கம்பி உள்ள ஒரு மீட்டர் ஒயரில் 2 ஆம்பியர் ஓடினால், வழியிலேயே முக்கால் வோல்ட்டுக்கு மேல் குறையும். 24 கேஜ் கம்பியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வோல்ட்தான் குறையும். நீளம் இரட்டித்தால் இழப்பும் இரட்டிக்கும். உப்புக் காற்றில் முனை பாசி பிடித்தால் இன்னும் மோசம்.

'9 வோல்ட், 20 வோல்ட் சார்ஜர் போனை எரித்துவிடாதா?' என்று வாடிக்கையாளர் கேட்பதுண்டு. டைப்-சி பி.டி. சார்ஜர் முதலில் 5 வோல்ட்தான் தரும். போன் கேட்டால் மட்டுமே கூட்டும். வோல்டேஜ் கூடினால் அதே சக்திக்கு ஆம்பியர் குறைவு. ஒயரில் இழப்பும் குறைவு. சாதாரண டைப்-சி ஒயர் 3 ஆம்பியர் வரைதான். 5 ஆம்பியருக்கு உள்ளே சிப் வைத்த ஒயர் வேண்டும்.

எனவே கொள்முதலின்போது கம்பி கனம், ஆம்பியர் அளவு, சார்ஜரில் பி.ஐ.எஸ். பதிவு எண் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு ஒயரை நமது போனிலேயே போட்டுப் பார்த்தபின் கட்டை எடுங்கள்.

மீதமிருந்த ஒயரை நாம் திரும்பப் பெற்று நஷ்டத்தை ஏற்றோம். எடை குறைந்த படிக்கல்லும் மெல்லிய ஒயரும் ஒன்றே. இரண்டும் கடையின் பெயரைத்தான் கெடுக்கும்.