ஏற்காடு மிஷனரிகள்: மலை ஏறி வந்தது யாருக்காக?

ஏற்காடுன்னா இன்னைக்கு 20 கொண்டை ஊசி வளைவு, பைக் ரைடு, செல்ஃபி. சாலை வராத காலத்தில் குதிரையிலோ, ஆள் சுமக்கும் டோலியிலோதான் ஏறணும். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காபியைக் கொண்டுவந்தார். தோட்டத் துரைமார் பின்னாலேயே தேவாலயம், கான்வென்ட் எல்லாம் வந்தன. 1917-ல் புனித கபிரியேல் சபை பிரதர்கள் மான்ட்ஃபோர்ட் பள்ளியைத் தொடங்கினார்கள். விடுதிப் பள்ளியில் பிரதர் என்றால் வாத்தியார் மட்டுமா? விடியலில் ஜெபம், பிறகு வகுப்பு, மாலையில் மைதானம், ராத்திரி டார்மிட்டரி காவல். சசி தரூர் படித்ததும் இங்கேதான்.

ஆனால் மலையின் பூர்வகுடி மலையாளி மக்கள். கேரளத்துக்காரர்கள் இல்லை, தமிழ் பேசும் பழங்குடிகள். ஊர்கள் சரிவுகளில் சிதறிக் கிடக்கும். விடுதி மணி அங்கே கேட்காது. அவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் மிஷனரி காட்டுப் பாதையில் நடக்கத்தான் வேண்டும். அந்த மக்கள் மே மாதத் திருவிழாவுக்குக் கூடுவது இன்றும் சேர்வராயன் கோயிலில்தான்.