தன் பெயரைத் தானே அறியுமா ஸ்கிரிப்ட்?

வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவனின் நெற்றியில் அவன் பெயர் எழுதப்பட்டிருப்பதில்லை. அது வருகைப் பதிவேட்டில், ஓர் எண்ணுக்கு எதிரே இருக்கிறது. கணிப்பொறிக் கோப்புகளின் நிலையும் ஏறக்குறைய இதுவே.

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸிலும், அதைப் பின்பற்றி எழுந்த லினக்ஸிலும் ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு எண் என்று ஒன்று உண்டு. பெயரையும் எண்ணையும் இணைக்கும் பதிவேடுதான் கோப்பகம். ஆகவே ஒரே கோப்புக்கு இரு பெயர்கள் இருக்கலாம். பதிவேட்டில் பெயரை அடித்துவிட்ட பின்னும் மாணவன் வகுப்பில் அமர்ந்திருப்பதுபோல, பெயர் நீக்கப்பட்ட நிரல் தொடர்ந்து ஓடவும் கூடும்.

அப்படியானால், ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்ட் தன் பெயரை எவ்வாறு அறிகிறது? அழைப்பவர் சொல்லித்தான் அறிகிறது! ஒரு நிரலைத் தொடங்கும்போது கோப்பின் பாதையும், ஒரு சொற்பட்டியலும் தனித்தனியே கெர்னலிடம் தரப்படுகின்றன. பட்டியலின் முதற்சொல் நிரலின் பெயராக இருப்பது வழக்கமே தவிர, கட்டாயமன்று. நாம் லாகின் செய்யும்போது தொடங்கும் ஷெல்லுக்கு, பெயரின் முன் ஒரு சிறுகோடு சேர்த்தே தரப்படுகிறது. 'நீ லாகின் ஷெல்' என்பதற்கு அதுவே குறி.

1980-இல் ரிட்சி புகுத்திய #! குறியுடன் தொடங்கும் ஸ்கிரிப்டுகளுக்குக் கெர்னலே பாதையைத் தருகிறது. ஷெல் ஸ்கிரிப்டில் அது $0 என்னும் மாறியில் கிடைக்கும். ஆனால், ஸ்கிரிப்டைத் தனியே ஓட்டாமல், 'சோர்ஸ்' கட்டளையால் நடப்பு ஷெல்லுக்குள்ளேயே படிக்கச் செய்தால், $0-இல் இருப்பது ஷெல்லின் பெயர்.

இதனால் என்ன தீங்கு என்கிறீர்களா? 'நான் இருக்கும் கோப்பகத்துக்குச் சென்று பழைய கோப்புகளை அழி' என்று ஒரு ஸ்கிரிப்ட் எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். $0-இல் 'பாஷ்' என்று மட்டும் இருந்தால், அதிலிருந்து கிடைக்கும் கோப்பகம் நீங்கள் அப்போது நிற்கும் இடமே. அழிவது உங்கள் பாடக் குறிப்புகளாக இருக்கலாம்!

தற்காப்பு எளிது. பாஷ் ஷெல்லில் $0-க்குப் பதிலாக 'பாஷ் சோர்ஸ்' என்னும் மாறியைப் பயன்படுத்துங்கள். வேறு கோப்பகத்துக்கு மாறுமுன், தொடக்கத்திலேயே அதை 'ரியல்பாத்' கட்டளையால் முழுப் பாதையாக்கி வைத்துக்கொள்ளுங்கள். எதையும் அழிக்குமுன், அங்கே இருக்க வேண்டிய கோப்பு ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா என்றும் சோதியுங்கள்.

பெயர் பிறர் தந்தது. நம்புமுன் சரிபார்ப்பது நம் பொறுப்பு.