கண்ணில் வைத்த லென்ஸை மாற்றுவது எப்போது?

கண்புரை அறுவைக்குப் பின் சிலருக்கு விளக்கைச் சுற்றி வளையமும் ஓரத்தில் ஒளிக்கீற்றும் தெரியும், கண் கூசும். ஞாயிறு மாலை மைசூரு அரண்மனையில் ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகள் எரியும்போது இவர்களுக்கு அது அழகைவிடத் தொல்லையாகவே இருக்கும். பெரும்பாலும் செயற்கை லென்ஸின் கூர்மையான விளிம்பில் ஒளி சிதறுவதே காரணம். மல்டிஃபோக்கல் லென்ஸில், ஒளியைப் பல தொலைவுகளுக்குப் பங்கிடும் அமைப்பே வளையத்தை உண்டாக்குகிறது.

சில மாதங்களில் மூளை பழகிக்கொள்வதால் பலருக்கு இது குறைந்துவிடும். கண் வறட்சி, மீதமுள்ள பவர், லென்ஸுக்குப் பின்னுள்ள சவ்வின் மங்கல் ஆகியவற்றையும் முதலில் பார்த்தாக வேண்டும். மங்கலுக்கு யாக் லேசர் எளிய சிகிச்சைதான். ஆனால் லென்ஸை மாற்றும் எண்ணம் இருந்தால் லேசருக்கு அவசரப்படக் கூடாது. லேசர் சவ்வைத் திறந்துவிட்டால், பின்னாலுள்ள கூழ் போன்ற திரவம் முன்னே பிதுங்கி, மாற்று அறுவையைக் கடினமாக்கும். நாட்பட நாட்பட லென்ஸ் தன் பையோடு ஒட்டி இறுகும் என்பதால், வரம்பின்றிக் காத்திருப்பதும் சரியல்ல.

மாற்றும்போது ஜெல் செலுத்தி லென்ஸைப் பிரித்து, கண்ணுக்குள்ளேயே வெட்டி, சிறு கீறல் வழியே எடுப்பார்கள். பதிலுக்குப் பெரும்பாலும் ஒரே தொலைவுக்கான மோனோஃபோக்கல் லென்ஸோ, உருண்ட விளிம்புள்ள லென்ஸோ வைக்கப்படும். பை கிழிவதும் கருவிழியின் உட்புற செல்கள் குறைவதும் இதன் ஆபத்துகள்.