ஏட்டய்யாவோட பென்ஷன் நமக்கு வேணும்னா எவ்வளவு சேர்க்கணும்?

புதுக்கோட்டை மாவட்டம் இலுப்பூர் மாதிரி ஊர்கள்ல, ரிட்டையர் ஆன ஏட்டய்யாவோ எஸ்.ஐ.யோ தெருவுக்கு ஒருத்தராவது இருப்பாங்க. "அவருக்கென்ன, மாசம் பொறந்தா பென்ஷன்"னு ஊரே சொல்லும். அந்த பென்ஷனோட உண்மையான மதிப்பு என்ன? வாங்க, கணக்குப் போடலாம்.

முதல்ல, அது சும்மா வந்த காசு இல்ல. கான்ஸ்டபிளா சேர்ந்தவர் சிறப்பு எஸ்.ஐ. ஆகவே 25 வருஷம் ஆச்சு. தீபாவளி, பொங்கல்னா பந்தோபஸ்து. வார விடுமுறைக்கான அரசாணையே 2021-லதான் வந்தது.

2003 ஏப்ரல் 1-க்கு முன்னாடி தமிழக அரசுப் பணியில சேர்ந்தவங்களுக்குப் பழைய ஓய்வூதியம். முழு சர்வீஸ் முடிச்சு, கடைசி அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய்னு வெச்சுக்கோங்க. பென்ஷன் அதுல பாதி, 30,000. அதுக்கு மேல அகவிலைப்படி; விலைவாசி ஏற ஏற அதுவும் ஏறும். அவருக்கு அப்புறம் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம்.

இப்போ நம்ம கதைக்கு வருவோம். பி.எஃப்.ல இ.பி.எஸ். பென்ஷன் இருக்கேன்னு நினைக்கிறீங்களா? 15,000 ரூபாய் சம்பள வரம்பை வெச்சு, 35 வருஷ சர்வீஸுக்குப் போட்டா (15,000 × 35 ÷ 70) மாசம் 7,500 ரூபாய்தான். அகவிலைப்படி கிடையாது. 2014 செப்டம்பருக்கு அப்புறம், 15,000-க்கு மேல அடிப்படைச் சம்பளத்தோட முதல் வேலையில சேர்ந்தவங்களுக்கு அதுவும் இல்ல.

சரி, உங்களுக்கு இப்போ 30 வயசு. இன்னைக்கு 30,000-க்கு வாங்குறதை 60 வயசுல வாங்க, 6% விலைவாசி உயர்வுல மாசம் சுமார் 1.72 லட்சம் வேணும். வருஷச் செலவுக்கு 25 மடங்குன்னு பார்த்தா, சுமார் 5 கோடி!

பயப்படாதீங்க. மாசம் 8,000 ரூபாய் எஸ்.ஐ.பி.ல ஆரம்பிச்சு, வருஷா வருஷம் 10% ஏத்திக்கிட்டே போங்க. 10% வருமானம் கிடைச்சா அந்தத் தொகை கைக்கு வரும். இந்த 10%-க்கு உத்தரவாதம் இல்ல. ஆனா உங்க பி.எஃப். பணமும் கூடச் சேரும்.

ஏட்டய்யாவால தன் பென்ஷனை நடுவுல எடுத்து பைக் வாங்க முடியாது. அதுதான் அவரோட பலம். நாமளோ கம்பெனி மாறும்போதெல்லாம் பி.எஃப்.பை எடுத்துடறோம். இனிமே எடுக்காம புது கம்பெனிக்கு மாத்துங்க. சம்பளம் வந்த மறுநாளே எஸ்.ஐ.பி. பிடிக்கிற மாதிரி தேதி வெச்சுக்கோங்க.

உங்க வயசுக்கு எவ்வளவு வருதுன்னு கணக்குப் போட்டு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோல சந்திப்போம்!