அம்மம்மாவின் கதிரை குதிரை ஆன கதை

போன எபிசோட்ல சொன்ன குதிரைக் கதையை முழுசா எழுதச் சொல்லிக் கன பேர் கேட்டிருந்தீங்கள். இதோ.

அம்மம்மா யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவுக்கு எழுதின கடிதங்களை நான் சனிக்கிழமைகளில் டைப் பண்ணிக்கொண்டு வாறன். நீலக் கடிதங்கள், மை மங்கிக்கொண்டு போகுது. என்ர தமிழ் உங்களுக்குத் தெரியும்தானே, ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒரே சத்தம். அதனால் ஒரு சின்னப் பைதான் ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒவ்வொரு சொல்லையும் ஒரு தேடல் சேவையின் ஏபிஐக்கு அனுப்பும். "இதைத் தேடினீர்களா?" என்று சேவை தரும் சொல்லை, என் சொல்லை அழித்துவிட்டு அந்த இடத்தில் போடும். "பளம்" "பழம்" ஆனது. அந்தப் புளுகத்தில் முழுக் கோப்பையும் ஓடவிட்டுப் படுத்திட்டன்.

காலமை பார்த்தால், அம்மம்மா விறாந்தையில் குதிரையில் இருந்து கடிதம் எழுதுறா.

கதிரை எண்டால் எங்கட வீட்டில் நாற்காலி. போர்த்துக்கேயர் விட்டுட்டுப் போன சொல். தேடல் சேவை அகராதியை மட்டும் பார்ப்பதில்லை. சனம் எதைக் கூடத் தேடுது, பிழையாக அடித்தால் பிறகு எப்படித் திருத்துது என்பதையும் கணக்கில் எடுக்கும். கதிரைக்கும் குதிரைக்கும் நடுவில் ஒரே ஒரு உகரக் குறிதான். எண்ணிக்கையில் குதிரை வெல்லும். பீட்டர் நார்விக் 2007இல் எழுதிக் காட்டின குட்டித் திருத்தியின் யோசனையும் இதுக்குக் கிட்டத்தான்: தெரியாத சொல் வந்தால், ஓரிரு எழுத்துத் தள்ளி இருக்கிற சொற்களில் அதிகம் புழங்குவதை எடு.

ஸ்கிரிப்ட் மூலக் கோப்பின் மேலேயே எழுதிவிட்டது. ஆறு கிழமை டைப்பிங். கிட்டில் போட்டிருக்கவில்லை. (ஓம், வேலையில் மற்றவைக்கு இதைத்தான் படிப்பிக்கிறனான்.)

இப்ப ஸ்கிரிப்ட் எதையும் மாற்றாது. என் சொல், சேவையின் சொல், கடைசியில் ஒரு வெற்று நிரல், அவ்வளவுதான். அனுப்ப முதல் எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுகிறேன். "கொ"வின் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. வந்த பதில்களை உள்ளூரில் சேமித்தும் வைக்கிறேன். காரணம், இந்தச் சேவைகள் நிலைக்கிறதில்லை. கூகுள் 2002இல் விட்ட சோப் ஏபிஐயில் எழுத்துத் திருத்தம் கேட்கவே ஒரு அழைப்பு இருந்தது, நாளுக்கு 1000 கேள்வி வரை. 2006 டிசம்பரில் புதுச் சாவி கொடுப்பதை நிறுத்தினார்கள், 2009இல் மூடினார்கள். பிங் தேடல் ஏபிஐயும் 2025 ஆகஸ்டில் போய்விட்டது. சேவையைக் கூப்பிடும் பகுதியைத் தனி ஃபங்ஷனாக வையுங்கோ, நாளைக்கு மாற்றச் சுகம்.

வெற்று நிரலை ஞாயிறுகளில் அம்மா போனில் நிரப்புறா. போன கிழமை ஒரு சொல்லில் நானும் பிழை, சேவையும் பிழை. கடிதத்தை எடுத்துப் பார்த்தால் அம்மம்மாவே பிழையாகத்தான் எழுதியிருக்கிறா. அதை அப்படியே விடச் சொல்லிப்போட்டா அம்மா.