கழுவெளியைத் தேடும் பத்து வரி நிரல்

பெரிய முதலியார்சாவடியிலிருந்து ஒரு முதுகலை மாணவி எழுதியிருக்கிறார். மரக்காணம் உப்பளங்களையும் அதையொட்டிய கழுவெளி ஈரநிலத்தையும் பற்றி இதுவரை வந்த ஆய்வுக் கட்டுரைகளை எல்லாம் திரட்ட வேண்டுமாம். கூகுள் ஸ்காலரில் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்து அலுத்துவிட்டது, பைதானில் வழி உண்டா என்று கேட்கிறார். உண்டு. பைதான் தெரியும் என்று கடிதத்திலேயே இருப்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கூகுள் ஸ்காலரை 2004 நவம்பரில் தொடங்கியவர்கள் அலெக்ஸ் வெர்ஸ்டாக்கும், காரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அனுராக் ஆச்சார்யாவும். தேடுபவருக்கு அது பெரிய வரம். ஆனால் நிரல்கள் வந்து தரவு கேட்பதற்கென்று அது வாசல் எதுவும் வைக்கவில்லை. 'ஸ்காலர்லி' என்ற பைதான் லைப்ரரி வலைப்பக்கத்தையே படித்துத் தகவலைப் பிரித்தெடுக்கிறது. நிறையக் கேட்டால் 'நீங்கள் மனிதர்தானா' என்ற சோதனை வந்து வழி அடைபட்டுவிடும். ஆகவே நான் சொல்வது 'ஓப்பன்அலெக்ஸ்'. மைக்ரோசாஃப்ட் தன் ஆய்வுத் தரவுத்தளத்தை 2021 முடிவில் மூடியபோது, அதன் இடத்தை நிரப்ப 2022 ஜனவரியில் வந்த திறந்த தரவுத்தளம் இது. அலெக்சாண்டிரியா நூலகத்தின் நினைவாகப் பெயர் வைத்தார்கள். 20 கோடிக்கும் மேற்பட்ட படைப்புகளின் விவரம் இதில் இருக்கிறது. இதனோடு பேசும் பைதான் லைப்ரரியின் பெயர் 'பைஅலெக்ஸ்'.

நான் படித்த கல்லூரி நூலகத்தில் அலமாரிப் பக்கம் மாணவர்களை விடமாட்டார்கள். சீட்டில் எழுதிக் கொடுத்தால் உதவியாளர் உள்ளே போய் எடுத்து வருவார். பைஅலெக்ஸ் அந்த உதவியாளர். சீட்டில் எழுதியதைத்தான் எடுத்து வருவார் என்பதால் சீட்டைக் கவனமாக எழுத வேண்டும். கழுவெளியின் ழகரத்துக்கு ஆங்கிலக் கட்டுரைகளில் ஒருவர் 'எல்' போடுகிறார், இன்னொருவர் 'இசட்-எச்' போடுகிறார். அடுத்து வருவது 'யு'வா 'ஐ'யா என்பதிலும் ஒற்றுமை இல்லை. எல்லா எழுத்துக்கூட்டல்களையும் 'அல்லது' போட்டு இணைத்துக் கேளுங்கள். இன்னொன்று: சும்மா கேட்டால் முதல் 25 பதிவுகள்தான் வரும். அத்தோடு தீர்ந்தது என்று நினைத்துவிடாமல், அடுத்தடுத்த பக்கங்களையும் கொண்டுவரும்படி சொல்ல வேண்டும்.

இனி என்னை மயக்கிய சங்கதிக்கு வருகிறேன். ஒரு கட்டுரையின் ஆய்வுச் சுருக்கத்தைக் கேட்டால் ஓப்பன்அலெக்ஸ் அதைப் படிக்கும் வடிவில் தராது. சொற்களைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொன்றும் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்ற எண்களை மட்டும் எதிரே தரும். 'உப்பு விளைய வெயில் வேண்டும். உப்பு கரைய மழை போதும்' என்பது சுருக்கம் என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கை பூச்சியத்தில் தொடங்குவதால் 'உப்பு' என்பதற்கு எதிரே 0, 4 என்று இருக்கும். 'விளைய' 1, 'வெயில்' 2, 'மழை' 6. சட்டச் சிக்கல்தான் காரணம். சுருக்கத்தை முழுசாக அச்சிட்டுத் தர உரிமை இல்லாத நிலையில், சொல்லும் இடமுமாக உடைத்துத் தருகிறார்கள். எண் வரிசையில் சொற்களை அடுக்கினால் பழைய வாக்கியம் அப்படியே எழுந்து நிற்கும். பைஅலெக்ஸில் சுருக்கம் வேண்டும் என்று கேட்டாலே போதும், கோத்துக் கொடுத்துவிடும். ஆனாலும் ஒருமுறையாவது நீங்களே நாலு வரி எழுதிக் கோத்துப் பாருங்கள்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய ஏற்பாடு அல்ல. சொல்லடைவு என்பது இதுதானே! புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பழந்தமிழ் இலக்கியங்களுக்கு 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாகச் சொல்லடைவு வெளியிட்டது. எந்தச் சொல் எந்த நூலில் எந்த அடியில் என்று, கணினி இல்லாத மேசைகளில் செய்த வேலை. புலவர்கள் நூலைத் திறந்துவைக்க அடைவு செய்தார்கள். இங்கே அதே உத்தி, பூட்டிய கதவின் இடுக்கு வழியே நீட்டும் கையாக இருக்கிறது. இது எனக்கு வருத்தம் தருகிறது. சுருக்கம் என்பது கட்டுரையைப் பிறர் கண்டுபிடிக்க எழுதுவது. அதற்கு எதற்குப் பூட்டு? சுருக்கங்களைத் திறந்துவிடுங்கள் என்று பதிப்பகங்களைக் கேட்கும் உலகளாவிய முயற்சி 2020இல்தான் தொடங்கியது. ஆய்வுகள் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று சென்னையிலிருந்து சுப்பையா அருணாசலம் பல்லாண்டுகள் எழுதியும் பேசியும் வந்திருக்கிறார்.

பூட்டு ஒரு பக்கம் இருக்க, நம் அலட்சியம் இன்னொரு பக்கம். கிராஸ்ரெஃப் போன்ற அமைப்புகளில் பதிந்து, ஒவ்வொரு கட்டுரைக்கும் டி.ஓ.ஐ. என்ற நிலையான எண் வாங்கிய இதழ்களே இத்தகைய தரவுத்தளங்களில் எளிதாகச் சேர்கின்றன. நம் கல்லூரிகளிலிருந்து வரும் எத்தனையோ இதழ்கள் அதைச் செய்வதில்லை. உப்பளத் தொழிலாளியிடம் மணிக்கணக்கில் கேள்வி கேட்டு எழுதிய ஆய்வு யார் தேடினாலும் அகப்படாமல் போனால், அவர் தந்த நேரத்துக்கு என்ன மரியாதை? இதே தரவை ஆசிரியர்களுக்கு மதிப்பெண் போட மட்டும் எண்ணிக்கொண்டிருப்பதும் சரியல்ல. கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் நீரைப் பற்றி முன்பே யார் என்ன அளந்தார்கள் என்று அறிய இந்தத் தரவு பயன்பட வேண்டும்.

மாணவிக்கு மீதி வேலை இருக்கிறது. கிடைத்த பதிவுகளை டி.ஓ.ஐ. வைத்து ஒப்பிட்டு, இரண்டு முறை வந்தவற்றை நீக்குங்கள். முனைவர் பட்ட ஆய்வேடுகளை அவற்றுக்கான இணையக் களஞ்சியமான 'சோத்கங்கா'வில் தனியாகத் தேடுங்கள். பிறகு ஒருநாள் பேருந்து ஏறிப் புதுச்சேரி செயின்ட் லூயி வீதியில் இருக்கும் பிரெஞ்சு நிறுவன நூலகத்துக்குப் போய், நிரலுக்கு அகப்படாத பழைய அறிக்கைகளைக் கேட்டுப் பாருங்கள்.